அக்காவின் தபால் தட்டு

என் மேஜையின் இடது மூலையில் ஒரு மரத் தட்டு இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்து, மேஜை மூன்று முறை மாறியும் அதை நான் விடவில்லை. காலையில் வந்ததும் அதிலுள்ள தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடி வரை பார்ப்பேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அது என்னுடன் வேலை பார்த்த அக்காவின் தட்டு. செஞ்சியில் நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் ஊழியர்களின் விடுப்பு, மாற்றல் எல்லாம் அவர் சீட்டில்தான். எதிர் சீட்டில் தபால் பிரித்துத் தேதி முத்திரை குத்துபவன் நான். அவர் கணவர் பக்கவாதத்தில் கடலூரில் படுத்திருந்தார். சனிக்கிழமை பஸ் ஏறிப் போகிற அக்கா, திங்கட்கிழமை கண்கள் சிவந்து திரும்புவார். கடலூருக்கு மாற்றல் கேட்டு அவரே மனு எழுதினார். மாற்றல் அவர் பிரிவு என்பதால் அவரே அதற்கு எண் போட்டார். பதில் வராதபோது நினைவூட்டுக் கடிதங்களையும் அவரே தயார் செய்தார். "எனக்காக நானே கடுதாசி எழுதிக்கினு இருக்கறேன் பாரு" என்று சிரிப்பார். ஜன்னலுக்கு வெளியே எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள் மலைக்கோட்டையைப் போட்டோ பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தட்டில் விழுந்த தபாலை இன்னொருவர் தொடக் கூடாது. எப்போதோ ஒரு கோப்பு காணாமல் போனதிலிருந்து சூப்பிரண்டு கொண்டுவந்தது. "அவனவன் தட்டு, அவனவன் தலையெழுத்து" என்பார். தபாலைப் படிப்பதும் என் வேலையில்லை. எந்தப் பிரிவு என்று பார், குத்து, போடு. அவ்வளவுதான்.

கணவருக்கு ரொம்ப முடியாமல் போய் அக்கா பத்து நாள் விடுப்பில் போனார். அவர் பிரிவுக்கு வந்த ஏழெட்டுக் கடிதங்களைக் குத்தித் தட்டில் போட்டேன். திரும்பி வந்தவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். அடியிலிருந்த கடிதத்தில் கை அப்படியே நின்றது. அவருடைய மாற்றல் ஆணை. ஏழு நாளுக்குள் கடலூரில் சேராவிட்டால் ரத்து. அது வந்து எட்டு நாளாகியிருந்தது. என் முத்திரை கோணாமல், அழகாக விழுந்திருந்தது.

மாதக்கணக்கில் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி படித்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். அவர் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "நீ இன்னா பண்ணுவ தம்பி, உன் வேலையத்தான செஞ்ச" என்றார்.

சூப்பிரண்டு மறுபடி மனு போடச் சொன்னார். போட்டார். மறுபடி எண், மறுபடி நினைவூட்டல். நாலு மாதம் கழித்து இரண்டாவது ஆணை வந்தது. இந்த முறை படித்தேன். வழக்கமாவது மண்ணாவது என்று, அதை நேராக அவர் கையில் கொடுக்கப் போனேன். கணவருக்குக் காரியம் முடிந்து, அக்கா வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடிதத்தை அவர் வாங்கவில்லை.

"தட்டுல போடு தம்பி. இனிமே இன்னா அவசரம்?"

போட்டேன். மாற்றல் தேவையில்லை என்று அவரே பதில் எழுதி, எண் போட்டு, கோப்பை முடித்தார். ஓய்வு பெறும் வரை செஞ்சியிலேயே இருந்தார். கடைசி நாளில் இந்தத் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இன்று காலையும் அடி வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. மத்தியானம் இன்னொரு முறை பார்ப்பேன்.