சூடாக இருந்த ரேடியோ

மேல்வீட்டுப் பெண் இன்று எலெக்ட்ரிக் கிதாரை அலறவிட்டாள். கைதட்டி ரசித்தவர் அவள் அப்பா.

அறுபதுகளில், கீரனூரில், எங்கள் வீட்டு ரேடியோவை அப்பா மட்டுமே திருகலாம். ஒரு மத்தியானம் அவர் இல்லாதபோது அக்கா திருகினாள். இங்கிலீஷ் பாட்டு, இதே கிதார் சத்தம். ஒரு வார்த்தையும் புரியாமலே, பின்னலை அவிழ்த்துவிட்டு ஆடினாள்.

திரும்பி வந்த அப்பா ரேடியோ மேல் கை வைத்தார். சூடாக இருந்தது. "யாரு வச்சது?" என்று என்னைக் கேட்டார். நான் அக்காவைக் கைகாட்டினேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே, இருபது வயது மூத்த தாய்மாமனுக்கு அவளைக் கட்டிவைத்தார். சீரோடு அந்த ரேடியோவையும் அனுப்பினார்.

பிறகொரு நாள் அங்கே போனேன். ரேடியோ உறை போட்டு மூடியிருந்தது.

"ஒன் சீர்தானக்கா, ஒரு பாட்டு வையேன்" என்றேன்.

"அவுக வரட்டும்" என்றாள்.