நவாபின் வால் இறகு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் சிலாஸுக்கு இந்தத் தலைகுனிவே வந்திருக்காது. அவர் எங்கே சும்மா இருந்தார்?

தாத்தா காலத்தில் நாசரேத்திலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்தராபாத் வந்த குடும்பம். மாரெட்பள்ளியில் பழைய வீடு. ஹப்சிகுடாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் சண்டே ஸ்கூல் வாத்தியார். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பொய் மட்டும் சொல்லாதீங்க."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டார்: "நாம சாப்பிடுற கோழி எங்கேருந்து வருது?"

"ஃப்ரிட்ஜ்லேருந்து" என்றது ஒரு பிள்ளை. "காட் கொடுக்கிறாரு" என்றது இன்னொன்று. அவருடைய சொந்த மகள், எட்டு வயது எமி, கையைத் தூக்கிக்கொண்டு, "டெலிவரி பையா கொண்டு வர்றாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. சிலாஸுக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த வாரமே வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவில் கம்பி வலைக் கூண்டு எழும்பியது. ஐந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல். செம்பட்டைக் கழுத்தும் கரும்பச்சை வாலுமாக அந்தச் சேவல் நடந்த நடையைப் பார்த்து, பிள்ளைகள் அதற்கு நவாப் என்று பேர் வைத்தார்கள். நவாபின் கூவல் ஊரிலே இல்லாத கூவல். பாதி கூவும்போதே தொண்டை உடைந்து ஒரு விக்கல் விழும். எமி அதைப்போலவே கூவிக் காட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குருணையும் கையுமாக அவள் கூண்டடியில்தான் கிடப்பாள்.

முட்டை எடுக்கக் கற்றுக்கொடுத்தார், சரி. அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் வகுப்பில் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "கறி திங்கிறவனுக்கு அதை அறுக்கவும் தெம்பு வேணும். அது இல்லாதவன் திங்கக் கூடாது. வர்ற சனிக்கிழமை நவாபை நானே அறுக்கப் போறேன். மத்தியானம் எங்க வீட்டுக்கு வாங்க. நன்றி சொல்லிட்டுச் சாப்பிடலாம்." அடேயப்பா, என்ன வீறாப்பு! எமி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓகே டாடி. பட் நீங்கதான் செய்யணும். வேற யாரும் அவனைத் தொடக்கூடாது" என்றாள்.

சனிக்கிழமை காலை கத்தியைத் தீட்டியாயிற்று. சேவலைப் பிடித்து அக்குளில் இடுக்கினார். உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கத்தியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நாற்பத்தாறு வயது மனுஷருக்கு ஒரு சேவல் முன்னால் வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டது.

சேவலைக் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். மனைவி பியூலா வாசலுக்கு வந்தாள். "எங்க போறீய?"

"இங்க அறுத்தா மத்த கோழியெல்லாம் மிரளும். யூசுப் பாய் கடையில வச்சு அறுத்துட்டு வாரேன்."

"நீங்கதான அறுப்பீய?"

"பின்னே? நான்தான்."

முதல் பொய் இப்படித்தான் சுலபமாக வந்தது.

யூசுப் பாயின் கறிக்கடை இரண்டு தெரு தள்ளி. பையிலிருந்து நவாபை வாங்கி, "காட் தூம் க்யா, சாப்?" என்று பாய் கத்தியை எடுத்தார். அறுத்துடவா என்று கேட்கிறார்.

"நக்கோ பாய், நக்கோ!" என்று கையை மறித்தார் சிலாஸ். "நீங்களே வளர்த்துக்கங்க. எனக்கு ஒரு பிராய்லர் கோழி போட்டுக் கொடுங்க."

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூண்டுக் கதவைத் திறந்து, "கௌன்சா?" என்று கேட்டார். எது வேண்டுமாம்.

"கோயி பீ" என்றார் சிலாஸ். ஏதோ ஒன்று. சொல்லிவிட்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் சிறகு அடித்தது, அடங்கியது. அவர் திரும்பவே இல்லை. புறப்படும்போது மட்டும் ஒரு காரியம் செய்தார். நவாபின் வாலிலிருந்து நீளமான இறகு ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எமியிடம் காட்ட அத்தாட்சி வேண்டுமே! இப்போது நினைத்தாலும் அவருக்கு அந்த இறகுதான் நெஞ்சில் குத்துகிறது.

எமி இறகை இரண்டு கையாலும் வாங்கினாள். "அவனுக்கு வலிச்சுதா டாடி?"

"இல்லம்மா. டாடி ஒரே வெட்டுல முடிச்சிட்டேன்."

அடுப்படியில் குக்கர் இரண்டாவது விசிலுக்கே கறியைப் பஞ்சாக்கிவிட்டது. ஒன்றரை வயது நாட்டுச் சேவல் ஆறு விசிலுக்கும் அசையாது என்று பியூலாவுக்குத் தெரியாதா? மூடியைத் திறந்து பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "நல்லா வெந்துட்டு" என்று மட்டும் சொன்னாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட சிலாஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். "அங்கிள், நிஜமாவே நீங்களே பண்ணீங்களா?" என்று கேட்டார்கள். "நானேதான்" என்றார். எமி இறகைத் தட்டின் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். "தேங்க் யூ ஜீசஸ். தேங்க் யூ நவாப். நீ எங்களுக்காகச் செத்துப்போனே. ஸாரி நவாப்." மூன்று பிள்ளைகளும் ஆமென் சொன்னார்கள். சிலாஸ் சோற்றைப் பிசைந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். அவர் ஒரு முழுக் கோழியை மறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தட்டில் எலும்புதான் மிச்சம் இருந்தது. அப்போது இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து ஒரு கூவல். பாதியிலே தொண்டை உடைந்து, ஒரு விக்கல்.

எமி நிமிர்ந்தாள். "டாடி?"

"எல்லாச் சேவலும் ஒரே மாதிரிதாம்மா கூவும்."

மறுபடி கூவியது. அதே விக்கல். பியூலா மெதுவாகச் சொன்னாள்: "போதும், விடுங்க." தன் குருவைத் தெரியவே தெரியாது என்று பொய் சொல்லிவிட்டு, சேவல் கூவினதும் வெட்கப்பட்டு அழுத சீஷனின் கதையை வருஷா வருஷம் படம் வரைந்து நடத்துகிற வாத்தியாருக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

எமி இறகை எடுத்துக்கொண்டு கழுவாத கையோடு ஓடினாள். பின்னாலேயே மூன்று பிள்ளைகள். செருப்புக்கூடப் போடாமல் சிலாஸ்.

கறிக்கடை வாசலில், மேஜைக் காலில் சணல் கயிற்றால் கட்டப்பட்டு நவாப் நின்றது. வாலில் ஓர் இறகு குறைவு. எமி கையிலிருந்த இறகையும் அந்த வாலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஹீ இஸ் நாட் டெட்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். யூசுப் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. பெருமையாகவே சொன்னார்: "சாப் கா தில் நரம் ஹை, பேட்டா. காட்னே கோ நக்கோ போலே." உங்க அப்பாவுக்கு இளகின மனசு, அறுக்க வேண்டாம்னுட்டார் என்று. அந்தப் பாராட்டைக் கேட்டு சிலாஸுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

எமி துள்ளவில்லை. சேவலைத் தொடவும் இல்லை. "ஏன் டாடி? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்ம்மா. என்னால முடியல."

அவள் அதை யோசித்தாள். மன்னித்துவிடுவாள் என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அப்புறம் கேட்டாள்: "அப்போ நாம சாப்பிட்டது யாரை?"

சிலாஸ் கூண்டுப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே வெள்ளைக் கோழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"அது எப்படி இருந்துச்சு?"

"தெரியலம்மா."

"நீங்க பார்க்கலையா?"

"இல்ல."

எமி கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கம்பிக்குள் கண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நாம அதுக்குத் தேங்க்ஸே சொல்லல" என்றாள். நவாபுக்காக இரண்டு நாள் அழுத பிள்ளை, பேர் இல்லாத ஒரு கோழிக்காக நடுத்தெருவில் தேம்பித் தேம்பி அழுதது.

சிலாஸ் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். இருபது வருஷமாகக் கறி வாங்குகிற கடை. அந்தக் கூண்டுக்குள்ளே அவர் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.