வரிக்காக வந்த அம்மன்

கடை வரி வரும்வரை எங்கள் மாமா சாமி கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் அவர் கடை இருந்தது. அரிசி, புகையிலை, கீழே இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தி எல்லாம் விற்பார். கடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வரி. சாமிக்கு விட்ட இடத்துக்கு மட்டும் வரி கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றே, பாதிக் கடை கோயில் என்று மனு எழுதிப் போட்டுவிட்டார்.

மனு போன பிறகுதான் கோயில் என்றால் ஒரு சாமி வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. ஏழு வயதுப் பெண்ணான என்னை அனுப்பினார். சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய கல்மேட்டில் தேடி, முகம் போலிருந்த ஒரு வெள்ளைக் கல்லைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தேன். கடையில் ஒரு பாதியைக் காலி செய்து அதை அங்கே வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, வேப்பிலை செருகினோம். அங்கிருந்த அரிசி மூட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரு கேட்டாலும் நீ பொறக்கறதுக்கு முன்னாலயே இருக்குதுன்னு சொல்லணும், இன்னா?" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்று கற்பூரம் ஏற்றத் தொடங்கினார்கள். மனுவுக்கு நல்லதுதானே என்று மாமா விட்டுவிட்டார்.

நான்காம் நாள் வரி அதிகாரி வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "அம்மன் எவ்ளோ அழகா இருக்காங்க! எங்கேருந்து வந்தாங்க?" என்றார். அப்படிப் புகழ்ந்தால் யாரால் சும்மா இருக்க முடியும்?

"நான்தான் திங்கக்கெழம பொறுக்கினு வந்தேன்!" என்றேன்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. முழுக் கடைக்கும் வரி, பொய் மனுவுக்கு அதே அளவு அபராதம்.

அதிகாரி தெருமுனை தாண்டுவதற்குள் மாமா கல்லைத் தூக்கிவிட்டார். ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து மறித்தார்.

"அம்மாவ எங்கண்ணா தூக்கினு போறீங்க? நேத்து பக்கத்துலயே பாற உழுந்துச்சு. கும்பிட்டுப் போனதாலதான் தப்பிச்சேன். அவுங்களும் கீழேருந்து வந்தவங்கதான, எங்க கஷ்டம் அவுங்களுக்குத் தெரியும்."

அவர் கண் கலங்கியிருந்தது. மாமா கல்லை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்தார்.

அதன்பின் முழுக் கடைக்கு வரி கட்டிவிட்டுப் பாதிக் கடையில் வியாபாரம் செய்தார். தினமும் காலையில் அம்மன் முன் நின்று, அந்தப் பாதி இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நீளமாகப் பெருமூச்சு விடுவார். நான் கொண்டுவந்த அம்மன் மாமாவை எப்படி மாற்றிவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்காது. பக்தி என்றால் அதுதான் போலும் என்று நினைத்து, நானும் பக்கத்தில் கைகூப்பி நின்று, அவரைப் போலவே ஒரு பெருமூச்சு விடுவேன்.