பாதி லோடு

நடந்தால் போதும் என்று என்னிடம் சொன்ன ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், தெரியும். நல்ல எண்ணத்தோடு சொன்னவர்களை மன்னிப்பதுதான் கஷ்டம். அவர்களைத் திருப்பித் திட்டவும் முடியாது.

நான் கபடி ஆடுகிறவள். எதிரணியின் பக்கத்துக்குள் தனியாகப் பாடிப் போய், தொட்டுவிட்டுத் திரும்பி வருவது என் வேலை. அப்படி ஒரு தடவை போய் வருவதைப் பாட்டு என்போம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் எங்கள் வீடு. அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா மஞ்சள் காட்டையும் எங்களையும் பார்த்துக்கொள்கிறார். நான் சேலத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு போட்டியில் இடது காலை ஊன்றித் திரும்பினேன். முழங்காலுக்குள் ஏதோ பட்டென்று விட்டது. யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் அதில்தான். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியிருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும்.

முட்டிக்குள் இரண்டு எலும்புகளையும் இழுத்துப் பிடித்திருக்கும் நார் அறுந்துவிட்டது என்றார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பொருத்தினார்கள். அப்புறம் அஸ்தம்பட்டியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு ஏழு மாதம் போய் வந்தேன். முட்டி வலிக்காரர்கள் வரும் கிளினிக்கை யாரோ ஒரு புத்திசாலி முதல் மாடியில் வைத்திருந்தார். படியேறி உள்ளே வந்து சேர்ந்தவர்களுக்கு அதற்குமேல் என்ன சிகிச்சை வேண்டியிருக்கிறது என்று நான் தினமும் நினைத்துக்கொள்வேன்.

அங்கே இருந்த பிசியோ என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். கை நல்ல கை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கச் சொல்வார், மணல் மூட்டையைக் காலில் கட்டித் தூக்கச் சொல்வார், பாதி உட்கார்ந்து பத்து எண்ணச் சொல்வார். இரண்டு பக்கமும் மூட்டுத் தேய்ந்த பாட்டிமார்கள் படுத்திருக்க, நடுவில் நான் கிடப்பேன். ஏழாம் மாதக் கடைசியில் ஒரு நாள் நடக்கச் சொன்னார், படி ஏறி இறங்கச் சொன்னார், தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். எல்லாம் செய்தேன். இனி வர வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வாரமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தேன். பார்த்துக்கொண்டிருந்த மாமன்மார் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், கால் பூரணமாகச் சரியாகிவிட்டது என்று. எங்கள் பக்கம் ஒரு காலின் ஆரோக்கியத்துக்குப் பந்தியை மிஞ்சிய பரிசோதனை கிடையாது. கல்லூரி அணிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் அணிக்கும் ஒரே மாஸ்டர்தான், எங்கள் பக்கத்துக்காரர். அவரும் அந்தப் பந்தியில் இருந்தார்.

மூன்றாம் நாள் ஊரில் மாரியம்மன் நோம்பி. நோம்பிக்கு எங்கள் ஊரில் பெண்கள் கபடி உண்டு, முதல் பாட்டுக்கு உள்ளூர்ப் பெண்தான் போக வேண்டும். கிளினிக்கிலேயே விட்டுவிட்டார்களாம், அப்புறம் என்ன என்று மாஸ்டர் என் பெயரை எழுதிவிட்டார். நானும் குதித்துக்கொண்டு போனேன். மூன்றாவது பாட்டு முடிந்து வந்து நின்றபோது முட்டி இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

ஸ்கேன் எடுத்ததில் நார் தப்பித்திருந்தது தெரிந்தது. ஆனால் நாங்கள் தப்பிக்கவில்லை. யாரைக் கேட்டு ஆடினாய் என்றார் மேடம். சரியாகாத பெண்ணை அவர்கள் எப்படி அனுப்பலாம் என்றார் மாஸ்டர். அவர் இவரைச் சொல்ல, இவர் அவரைச் சொல்ல, நடுவில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நான் கட்டிலில் கிடந்தேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மேடத்தின் வேலை நான் படியேறுவதோடு முடிந்தது. மாஸ்டரின் வேலை நான் முழு வேகத்தில் ஓடுவதில் தொடங்கியது. நடுவில் இருந்ததற்கு ஆளே இல்லை. அந்த ஆளில்லாத இடத்தில்தான் நான் விழுந்திருக்கிறேன் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்ததும் பயம் போய் எரிச்சல் வந்தது.

அப்பா மகாராஷ்டிரா லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பினார். நடந்ததைக் கேட்டார். வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டே, அதட்டாமல், மெதுவாகச் சொன்னார்.

“நடக்கறயல்ல சாமி. அது போதும். இனி அந்த ஆட்டம் வேண்டாம்.”

அதட்டியிருந்தால் அழுதிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடைய லாரி எதிரே புளியமரத்தடியில் நின்றது. முந்தின வருஷம்தான் அதன் இன்ஜினை முழுவதும் பிரித்துப் பூட்டியிருந்தார்.

“ஏனுங்கப்பா, இன்ஜின் பிரிச்சுப் பூட்டுனப்ப அன்னைக்கே முழு லோடு ஏத்துனீங்களா?”

அது எப்படி ஏற்றுவார்கள் என்று என்னை ஒன்றும் தெரியாதவளாகப் பார்த்தார். முதலில் காலி வண்டியாக ஓட்ட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், நட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும், ஆயிலை மாற்ற வேண்டும், அப்புறம் பாதி லோடு, அதுவும் மேடு இல்லாத ரோட்டில் என்று வரிசையாகச் சொன்னார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்கு டீ ஆறுவதுகூடத் தெரியாது.

“சரிங்க. காலி வண்டி நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் ஷெட்டுல நிறுத்திப் போட்டீங்களா?”

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“மாஸ்டர் முழு லோடு ஏத்துனாரு. நீங்க ஷெட்டுல நிறுத்தச் சொல்றீங்க. பாதி லோடு ஏத்தறதுக்குத்தான் இந்த ஜில்லாவுலயே ஆள் இல்லீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்பாவிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படியிலிருந்து, வாய் மட்டும் நல்லா ஓடுது என்றார். ஆனால் வீக்கம் வற்றியதும் ஒரு காலையில் அப்பா பைக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

கிளினிக்குக்கு நான் தனியாகப் போகவில்லை. மாஸ்டரையும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். வாழ்நாளில் பிசியோதெரபி பக்கமே போகாத மனிதர், பாட்டிமார்கள் நடுவில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். மேடத்திடம் நேராகக் கேட்டேன், என்னை ஆடும் அளவுக்குக் கொண்டுபோக உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா. அவர் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார். பிறகு, நீ உள்ளே போய் என்ன செய்கிறாய் என்பதையே நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை என்றார். அந்த உண்மைக்காக அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்தார். மற்ற பெண்கள் ஆடுவதைப் பார்த்தார். ஒரு பாட்டில் ஒருத்தி எத்தனை தடவை ஒற்றைக் காலில் சடாரென்று நிற்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள், பிடிபட்டால் முழங்கால் எந்தப் பக்கம் முறுக்கப்படுகிறது என்று போனில் படம் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. இதையெல்லாமா செய்கிறீர்கள், இதற்கா நான் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன் என்று சிரித்தார். மாஸ்டருக்கு முதலில் கௌரவக் குறைச்சலாக இருந்தது. வலித்தால் நிறுத்த வேண்டும் என்று மேடம் சொல்ல, வலி இல்லாமல் என்ன ஆட்டம் என்று மாஸ்டர் சொல்ல, எல்லைக் கோட்டில் நின்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். என் காலைப் பற்றி அவர்கள் நேருக்கு நேராகச் சண்டை போட்டதே அன்றுதான்.

கடைசியில் ஒரு தாளில் எழுதினார்கள். முதலில் நேராக ஓட்டம். பிறகு வளைந்து ஓட்டம். பிறகு குதித்து இறங்குவது. பிறகு எதிரே ஆளே இல்லாத களத்தில் பாடிப் போய் வருவது, பிறகு ஒருத்தி மட்டும் பிடிக்க, பிறகு இரண்டு பேர் பிடிக்க. மறுநாள் காலையில் முட்டி வீங்கவில்லை என்றால்தான் அடுத்த படி. ஏறலாமா என்று சொல்வது மேடம், எப்படி ஏறுவது என்று சொல்வது மாஸ்டர். அப்பா சொன்ன வார்த்தையை நான் உளறிவிட்டதால் மாஸ்டர் அதையே பிடித்துக்கொண்டார். இன்னிக்குப் பாதி லோடா, முக்கால் லோடா என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். பெண்கள் சிரிப்பார்கள். நான் ஆளே இல்லாத களத்துக்குள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போய், காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவேன். வேலி ஓரமாகப் போகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு மண்டையிலும் அடி பட்டிருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

நாலு மாதம் இப்படிப் போனது. பல்கலைக்கழகப் போட்டிக்குக் கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. அது என் கடைசி வருஷம், அதை விட்டால் கல்லூரிச் சட்டையில் இன்னொரு தடவை ஆட முடியாது. இரண்டு நாள் முன்னதாக மேடம் வந்து கோடு கிழித்தார். ஒற்றைக் காலில் தாண்டி, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். வலது தாண்டும் தூரத்தைப் பத்தாக வைத்தால் இடது குறைந்தது ஒன்பது தாண்ட வேண்டும். மூன்று தடவை தாண்டினேன். மூன்று தடவையும் நாலு விரற்கடை குறைந்தது. இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கியதை நானே உணர்ந்தேன்.

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாலு விரக்கடைக்காவ ஒரு வருசத்த உடறயா அம்மிணி?”

மேடம், முடிவு உன்னுடையது என்பதுபோல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆட வேண்டும். அந்த நிமிஷத்தில் உலகத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்தை விடு என்று சொன்னவர்களை எதிர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆடு, வா என்று கூப்பிடுகிறவரை எதிர்ப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

“வரலீங்க மாஸ்டர். குறையுதுன்னா குறையுதுதானுங்க.”

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ராசிபுரம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது? பக்கத்து சீட்டு அம்மா, மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது சொல்லிவிட்டார்களா கண்ணு என்று கேட்டார். அணி நான் இல்லாமலே போனது. ஜெயித்தும் வந்தது. தோற்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அந்த அற்ப புத்தியை மறைக்கவும் மாட்டேன். மாஸ்டர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எட்டாவது நாள் மைதானத்தில் கோட்டை அவரே கிழித்து வைத்துவிட்டு, தாண்டு என்றார்.

ஏழு வாரம் கழித்து இடது கால் அந்தக் கணக்கைத் தாண்டிப் போய், வலதுக்கு ஒரு விரற்கடைதான் பின்னால் நின்றது. அந்த மாதமே தம்மம்பட்டியில் பெண்கள் போட்டி. எங்கள் ஊர் அணியில் இறங்கினேன். எதிரணிக்கு என் கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு முட்டி அறுவை செய்த முட்டி, பிடித்து முறுக்கினால் பயந்துவிடுவாள் என்று பேசி வைத்திருந்தார்கள். எந்த முட்டி என்பதுதான் தெரியவில்லை. இரண்டு முழங்காலிலும் உறை போட்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில், அவர்கள் பக்கம் ஓரத்தில் நின்ற ஒரு மெலிந்த பெண் பாய்ந்து என் வலது கணுக்காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். என் மொத்தக் கனமும் இடது காலில் நின்றது. முதன்முதலாக அறுந்த அதே நிலை, அதே திருப்பம். பயந்தேன். பயந்துகொண்டே அந்தக் காலை அழுத்தி ஊன்றித் திரும்பி, அவளையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டின் மேல் விழுந்தேன். விரல் கோட்டைத் தொட்டது. முட்டி அதன் இடத்தில் இருந்தது. நடுவர் கையைத் தூக்கினார். எழுந்து நின்றபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது அந்தப் பெண் என் கையை விடவில்லை. என் இரண்டு கால்களையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு ஆப்பரேசன் பண்ண காலு எது?”

“வலதுங்க சாமி” என்றேன்.

ஆறு மாதம் கழித்து ஆத்தூரில் மறுபடியும் அதே அணி, அதே ஓரத்தில் அதே பெண். அன்று ஆட்டம் முழுக்க அவள் என் வலது காலையே குறிவைத்துப் பாய்ந்துகொண்டிருந்தாள்.