வீட்டுக்குப் போகும்போது விழுந்தேன்

அம்மனை நம்பும் சகோதர சகோதரிகளே, நான் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதும், நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவதும் என் வேலை. அந்த வேலையில் என் இடது கால் போனது. அதைவிடக் கொடுமை, நான் அன்று வேலைக்கே போகவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஆடி மாதம், சனிக்கிழமை, விடாத மழை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு சிறுமியை அப்பன் போட்டு அடிக்கிறான் என்று அவள் தாயிடமிருந்து போன் வந்தது. விடுமுறை நாள் என்பதால் பதிவேட்டில் எழுதாமலே பஸ் ஏறினேன். அவர்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இறங்கும் படியில் வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். இடுப்பெலும்பு நொறுங்கி, இடது கால் விளங்காமல் போனது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் வாக்குமூலம் கேட்டார். வலியில், தெரிந்த சிங்களத்தில், "கெதர யனகொட்ட வெட்டுனா" என்றேன். வீட்டுக்குப் போகும்போது விழுந்தேன் என்று அர்த்தம். தமிழில் அது யார் வீடாகவும் இருக்கலாம். சிங்களத்தில் அது என் சொந்த வீடு. 'கெதரகட்ட' என்று சொல்லியிருந்தால்தான் 'ஒரு வீட்டுக்கு' என்று ஆகும். வாசிக்காமல் கையெழுத்தும் போட்டேன். ஊரார் வாக்குமூலத்தை மூன்று தடவை வாசிக்கிற மகாராணி நான்!

பதிவேட்டிலும் என் பெயர் இல்லாததால், வேலைக்குப் போகாமல் தன் வீட்டுக்குப் போகும்போது விழுந்தவள் என்று திணைக்களத்தில் தீர்மானித்தார்கள். ஊனக் கொடுப்பனவு கிடையாது என்று கடிதம் வந்தது. வெளிவேலைக்கு இனித் தகுதியில்லை, அலுவலகத்தில் உட்கார் என்று இன்னொரு கடிதம். நான் வந்தது வேலைக்குத்தான் என்று எழுதித் தரும்படி அந்தச் சிறுமியின் தாயிடம் ஒரே ஒரு தடவை போனில் கேட்டேன்.

"ஐயோ மிஸ், என்னைய விட்டுருங்க. நீங்க எங்களப் பாக்க வந்தீங்கன்னு நான் எழுதிக் குடுத்தா அந்த மனுசன் என்னைய உயிரோட வைக்கமாட்டாரு."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவேன்?

பதினொரு மாதம் மேன்முறையீடு எழுதினேன். ஒருவரும் அசையவில்லை. அன்றே கானில் செத்திருக்கலாம் என்று அழுதேன். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன் போய் நின்றேன். விழுந்து கும்பிட முடியாத கால். வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். கடைசியில், "தாயே, நான் வேலைக்குத்தான் போனேன்னு ஒரு வாய் சொல்லட்டும். அது போதும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாய் மகளைக் கையில் பிடித்தபடி என் அலுவலக வாசலில் நின்றாள். உதடு வீங்கியிருந்தது.

"அவரு மேல பொலிஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன் மிஸ். அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்குத்தான் வந்தீங்கன்னும் சொல்லிட்டேன்."

அந்த 'எங்க' என்ற வார்த்தையைக் கேட்டதும் உடைந்து அழுதுவிட்டேன்.

அந்த முறைப்பாட்டின் பிரதியை வைத்து என்னைப் பற்றிய தீர்மானத்தை மாற்றினார்கள். கடமையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். கால் மட்டும் திரும்பவில்லை. இப்போது கடமையில் அடிபட்ட மற்ற உத்தியோகத்தர்களுக்கு நான்தான் மேன்முறையீடு எழுதுகிறேன். வாக்குமூலத்தை வரிவரியாக வாசித்துக் காட்டாமல் ஒருவரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் போய்ச் சேரவில்லை. அந்தப் பிள்ளை அடி வாங்கியது. அதற்கும் சேர்த்துத்தான் இன்றுவரை அம்மனிடம் அழுகிறேன். நீங்களும் அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டியாவது கேளுங்கள். என் வாயில் வந்த திட்டையும் அவள் பிரார்த்தனையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.