ஒன்பதும் மூன்றுதான்

நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான உதைபந்தாட்டப் போட்டியை எங்கள் கழகம் நடத்திய வருடம், புள்ளிப் பலகைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். நான் பந்து விளையாடுகிறவன் அல்லன். என் எழுத்து உருண்டையாக இருக்கும், கூட்டல் கழித்தலில் பிழை விடமாட்டேன் என்பதற்காகச் செயற்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வெண்கட்டி, ஈரத்துணி, அடிமட்டம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவேன். அடிமட்டம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். கோடு நேராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மைதானம் பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில், கடற்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் இருந்தது. வடக்குக் கம்பத்தை நோக்கி அடிக்கும் பந்து சில நேரம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும். ஆறு கழகங்கள் விளையாடின. முதல் நான்கு கழகங்கள் அரையிறுதிக்குப் போகும். மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடத்துக்கு எங்கள் கழகமும் பக்கத்து ஊர்க் கழகமும் சம புள்ளியில் நின்றன. இரண்டு கழகத்துக்கும் ஒவ்வொரு ஆட்டம் மிச்சம்.

எங்கள் அணித்தலைவர் என் மனைவியின் தம்பி. அந்த நான்காவது இடம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்த மைத்துனர், கனடாவில் இருக்கிறார். இளமையில் நல்ல ஆட்டக்காரர். தம்பியைப் பற்றி அவர் அந்தக் காலத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: "உவன் பந்துக்குப் பின்னாலை ஓடுவான். பந்து உவனிட்டை வராது." இப்போது தம்பி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் தன் கோல்களைப் பற்றிச் சொல்லி வந்தார். அண்ணன் நம்பவில்லை. "வந்து பாக்கிறன்" என்று சொல்லி, அரையிறுதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்து இறங்குவதாக டிக்கெட்டும் போட்டுவிட்டார். அரையிறுதியில் தம்பி விளையாடாவிட்டால், அவர் இனித் தொலைபேசியை எடுக்கவே முடியாது.

சம புள்ளி என்றால் என்ன செய்வது என்று எங்கள் விதிகளில் எழுதியிருக்கவில்லை. ஆகவே கூட்டம் போட்டோம். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஊரில் எல்லோரும் அவரை, வாத்தியாரைக் கூப்பிடுவது போல், "சேர்" என்றே கூப்பிடுவார்கள்.

சிக்கல் கொக்குவில் அணியால் வந்தது. அவர்களை நாங்கள் ஒன்றுக்குச் சைபர் என்று வென்றோம். பக்கத்து ஊர்க்காரர் ஏழுக்குச் சைபர் என்று வென்றார்கள். ஆனால் எங்களோடு விளையாடியபோது கொக்குவிலுக்கு ஒரு கோல்கீப்பர் இருந்தார். அவர்களோடு விளையாடிய அன்று அவர் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். பதிலுக்கு நின்றவர் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர். முதல்நாள்தான் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தார். பந்து வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, மரியாதையாக விலகி வழிவிட்டார். மற்ற ஆட்டங்களில் இரண்டு கழகத்துக்கும் ஒரே மாதிரியே போயிருந்ததால் அவற்றை விட்டுவிடலாம்.

"வெற்றி எண்டால் வெற்றி," என்றார் சேர். "முப்பத்தஞ்சு எடுத்தவனும் பாஸ், தொண்ணூறு எடுத்தவனும் பாஸ்."

"அப்ப எங்கடை ஏழு கோலும் என்ன, காத்திலை வந்ததே சேர்?" என்றார் பக்கத்து ஊர் அணித்தலைவர். அவர் ஐஸ் வியாபாரி. அதிகம் பேசமாட்டார்.

"காத்திலை வரேல்லை. கண்ணாடிக்காரன்ரை காலுக்குள்ளாலை வந்தது," என்றார் என் மைத்துனர்.

"கோல் எப்பிடி வந்தாலும் கோல்தானே."

"உதென்ன கதை? சாத்தாத கதவுக்குள்ளாலை போனவன் தன்னைப் பலசாலி எண்டு சொல்லேலுமே?"

தேநீர் வந்தது, கடிக்க வாய்ப்பன் வந்தது. வாய்ப்பன் முடிந்தும் விவாதம் முடியவில்லை. எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் மைத்துனர் எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். கோல் வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஆனால் எத்தனை கோலால் வென்றாலும் ஓர் ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. ஏழும் மூன்றுதான், எழுபதும் மூன்றுதான். சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்க்காரரின் நான்கு கோல்களை அந்த இடத்திலேயே கடலில் எறிந்துவிட்ட மாதிரிச் சபையைப் பார்த்தார்.

நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தம்பி, பொறும். உதிலை அவங்களுக்கு இப்பவே மூண்டு இருக்கு. எங்களுக்கு ஒண்டு. கடைசி மட்ச்சிலை என்னதான் அடிச்சாலும் நாங்கள் நாலுக்கு மேலை போகேலாது."

"அத்தான், நீங்கள் கணக்கைப் பாருங்கோ. நான் விளையாட்டைப் பாக்கிறன்."

ஐஸ் வியாபாரி மேசைக்குக் கீழே விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு மிகவும் பெருந்தன்மையாகத் தன் கையையும் உயர்த்தினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கடைசி ஞாயிறு எங்கள் ஆட்டம் முதலாவது. எதிரணி தென்மராட்சியிலிருந்து வந்த தோட்டக்காரர்கள். தூரத்திலிருந்து வரும் அணிக்கு மைதானத்துக் கழகம் மதியச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை சோறும் மூன்று கறியும் கொடுத்துவந்தோம். அன்று மைத்துனர் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்து பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார். நண்டு, இறால், கணவாய், திருக்கை, பலாக்கொட்டை எல்லாம் போட்டு, கரண்டி நட்டுவைத்தால் நிற்கும் தடிப்பில். பனை ஓலைப் பிளாவில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ அண்ணை. உங்கடை பக்கம் உப்பிடி நண்டு கிடையாது."

"மட்ச் இருக்குத் தம்பி…"

"மட்ச் எங்கை போகுது? கூழ் ஆறிப்போகும்."

அவர்கள் நல்ல மனிதர்கள். உபசரிப்பை மறுக்கத் தெரியாதவர்கள். நடுவர் விசில் ஊதியபோது அவர்களுடைய பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் கம்பத்தில் சாய்ந்து நின்றார். கடைசிவரை அப்படியே நின்றார். நாங்கள் ஒன்பது கோல் அடித்தோம். மைத்துனர் இரண்டு அடித்தார். அதில் ஒன்று காலால்.

நான் பலகையில் 9 – 0 என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பக்கத்தில் "கணக்கில் 3" என்று எழுதினேன். மைத்துனர் வியர்வையோடு ஓடி வந்தார்.

"உதென்ன மூண்டு?"

"ஒன்பதும் மூண்டுதான் தம்பி. தீர்மானம்."

"அப்ப எங்களுக்கு மொத்தம்?"

"நாலு. அவங்கள் ரெண்டாலை வெண்டால் அஞ்சு."

அப்போதுதான் அவர் கணக்கைப் பார்த்தார். அடுத்த ஆட்டம் முழுவதும் பலகைக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, பக்கத்து ஊர்க்காரரோடு விளையாடிய குருநகர் அணிக்குத் தொண்டை கிழியக் குரல் கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒரு கோல் அடித்தார்கள். அதற்கு மேல் போகவில்லை. நேரம் முடியும் தறுவாயில் மைதான மூலையிலிருந்து ஒரு கோணர் உதை. ஐஸ் வியாபாரி பந்தைப் பார்க்கவே இல்லை. காற்சட்டையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பந்து வந்து அவருடைய தொந்தியில் பட்டுக் கோலுக்குள் போனது. ஐந்து.

மைத்துனர் சேரிடம் ஓடினார். "சேர், உந்தத் தீர்மானத்தை எடுத்துப்போட்டுப் பாருங்கோ! எங்களுக்குப் பத்து, அவங்களுக்கு ஒன்பது. நாங்கள்தான் போகவேணும்!"

சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தீர்மானத்தை முன்மொழிஞ்சது ஆர்?"

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் வெண்கட்டியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து இறங்கினார். தம்பி உண்மையைச் சொல்ல முயன்றார் என்பதற்கு நான் சாட்சி. வாசலில் ஒருமுறை, சாப்பாட்டு மேசையில் ஒருமுறை வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன், "ஞாயிற்றுக்கிழமை பாப்பம், பந்து உன்னட்டை வருகுதோ எண்டு," என்று சிரித்தார். வாய் மூடிக்கொண்டது. ஞாயிறு காலையில் மைத்துனர் கழக உடுப்பும் பூட்ஸும் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கூழ் காய்ச்ச," என்றார்.

அன்றைக்கும் கிடாரம் நிறையக் கூழ் காய்ச்சினார். ஆனால் தென்மராட்சிக்காரரின் கதை குடாநாடு முழுவதும் போயிருந்தது. அரையிறுதிக்கு வந்த எந்த அணியும் கிடாரத்துக்கு அருகில் வரவில்லை. ஐஸ் வியாபாரியின் ஆட்கள் தூரத்தில் வட்டமாக இருந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

"வாங்கோ, ஒரு பிளா குடியுங்கோ," என்று கூப்பிட்டார் மைத்துனர்.

"வேண்டாம். மட்ச் முடியப் பாப்பம்," என்றார் ஐஸ் வியாபாரி. "நிக்கவேணுமெல்லே."

குடித்தவர் ஒரே ஒருவர். கனடாவில் இப்படி நண்டு ஏது என்று சொல்லிச் சொல்லி, என் மூத்த மைத்துனர் நான்கு பிளா குடித்தார். பிறகு வேப்பமர நிழலில், துணிக் கதிரையில் சாய்ந்து, "தொடங்கேக்கை எழுப்புங்கோ," என்றார். நடுவர் விசில் ஊதியபோது அவருடைய குறட்டை அதைவிடச் சத்தமாக இருந்தது.

எவரும் எழுப்பவில்லை. இளைய மைத்துனர் எழுப்ப விடவில்லை. ஒலிபெருக்கிக்காரரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கச்சான் கடலை கூவி விற்கிறவரை மற்றப் பக்கம் அனுப்பினார். பந்து வெளியே போனபோதெல்லாம் அது அந்தக் கதிரையில் படாமல் தானே பாய்ந்து தடுத்தார். அந்தப் போட்டித் தொடரில் அவர் அவ்வளவு பாய்ந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து கைதட்டல் கேட்டபோது அண்ணன் விழித்தார். எதிரே தம்பி உடுப்பெல்லாம் புழுதியும் வியர்வையுமாக நின்றார்.

"முடிஞ்சுதே? எழுப்பியிருக்கலாமெல்லே! வெண்டியளே?"

மைத்துனர் உடுப்பிலிருந்த புழுதியைத் தட்டினார். "வெண்டம் அண்ணை."

"எத்தினை?"

"ஒன்பது… சைபர்."

அண்ணன் கதிரை கிரீச்சிடச் சிரித்தார். "உவன்ரை கதையைப் பார்! மச்சான், நீ சொல்லு. நீ பொய் சொல்லமாட்டாய். எத்தினை?"

"ஒன்பது சைபர்தான் மச்சான்," என்றேன். "இவர் ரெண்டு அடிச்சவர். நானே பலகையிலை எழுதினன்."

ஒவ்வொரு சொல்லும் சரி. எந்த ஞாயிறு என்று அவர் கேட்கவில்லை.

"ஒன்பது வித்தியாசமே!" அண்ணன் எழுந்து தம்பியைக் கட்டிப்பிடித்தார். "ஒண்டு ரெண்டாலை வெண்டிருந்தால் சும்மா அதிட்டம் எண்டு சொல்லியிருப்பன். ஒன்பது எண்டால் அது விளையாட்டு. இஞ்சை நில்லடா, ஒரு படம் எடுப்பம். அப்ப பைனல் எப்ப?"

"அடுத்த ஞாயிறு," என்றார் தம்பி மெல்ல.

"ஐயோ, நான் வியாழக்கிழமை போயிடுவனே!"

"என்ன செய்யிறது அண்ணை," என்று மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்றே நினைத்திருப்பார்கள்.

"மச்சான், நீயும் வா படத்துக்கு," என்றார் அண்ணன். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்குப் பின்னால் பலகை இருந்தது. அதில் அன்றைய முடிவு, பக்கத்து ஊர்க் கழகத்தின் பெயரோடு, வீதியில் போகிறவருக்கும் தெரியும்படி என் உருண்டை எழுத்தில் இருந்தது. அவர்கள் எல்லோரும் மைதான வாசல் படலையைக் கடக்கும்வரை நான் முதுகைப் பலகையோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "உங்கடை சட்டை முதுகிலை என்ன வெள்ளை?" என்று கேட்டாள். கழற்றிப் பார்த்தேன். 1 – 0 என்று, கண்ணாடியில் பார்ப்பது போல் மறுபக்கமாகப் பதிந்திருந்தது. கோடு மட்டும் நேராக இருந்தது.