எதிர்வீட்டுச் செண்பகம்

செண்பகத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. பேச்சை நிறுத்திவிட்டு வேகமாகத் தைக்க ஆரம்பித்தாள் என்றால் யாருக்கோ கெட்ட காலம் என்று எங்கள் வரிசைக்கே தெரியும்.

அவள் புருஷன் தவராசா இலங்கைக்காரர். கைக்குழந்தையாகப் படகில் வந்து அகதி முகாமில் வளர்ந்தவர். தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் தரம் பிரிக்கிற வேலை. அங்கே சூப்பர்வைசர் பிரேம்நாத்தான், பி.எஃப். வேண்டுமானால் ஆதார் வேண்டும் என்று ஆள் பிடித்து, வாலாஜாபேட்டையில் பிறந்ததாகப் போட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தான். பிறகு ஒருநாள் கழிவுத் தொட்டிக்குள் முகமூடி இல்லாமல் இரண்டு பேரை இறங்கச் சொன்னான். தவராசா குறுக்கே நின்று தடுத்துவிட்டார். அந்த வாரமே போலீஸ் வந்து, நேராக ஆதாரைக் கேட்டது, பொய்யென்று ஆளைப் பிடித்துக்கொண்டு போனது. போட்டுக் கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள ஜோசியமா பார்க்க வேண்டும்? தவராசா மட்டும் அவனைச் சந்தேகிக்கவே இல்லை.

ஜாமீன் கிடைத்த அன்றே ஜெயில் வாசலில் மறுபடி பிடித்து, வெளிநாட்டவரை அடைக்கிற சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி பேதலித்தது. சோற்றில் விஷம் என்றார். பிறகு பேச்சே நின்றுவிட்டது. செண்பகம் வக்கீல் ஹேமலதாவைப் பிடித்து உயர் நீதிமன்றம் போனாள். மனநோயாளியை அடைத்து வைப்பது வைத்தியம் ஆகாது, வேலூரில் மனைவியோடு தங்கிச் சிகிச்சை பெறட்டும் என்று உத்தரவு வந்தது. தங்கப்போகிற விலாசத்தை மட்டும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

அவள் கொடுத்த விலாசம் சத்துவாச்சாரியில், பிரேம்நாத் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நேர் எதிர் வீடு.

"வேற எடமே கெடைக்கலயாடி?" என்று கேட்டேன்.

"தெனம் காலைல இவரு மூஞ்சிலதான் அவன் முழிக்கணும்" என்றாள்.

எனக்கு அது தப்பாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

முதல் நாள் காலையிலேயே தவராசாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பைக் எடுக்க வந்த பிரேம்நாத் பார்த்தான், முகம் செத்துப்போய் உள்ளே திரும்பிவிட்டான். அப்புறம் பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பின்சந்தில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பிரேம்நாத் முன்பக்கம் வந்தான். தவராசா எழுந்து தெருவைத் தாண்டிப் போய், அவன் தோளில் தொங்கிய தோல் பையைக் கட்டைவிரலால் தடவினார். "நாலு" என்றார். மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத குரல். டேனரி மேஜையில் ஒருவர் தோலைத் தடவித் தரத்தைச் சொன்னால், எதிரே நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்லித்தான் அடுக்க வேண்டும். பிரேம்நாத் சூப்பர்வைசர் ஆவதற்கு முன் தவராசாவுக்கு எதிரே நின்றவன். பழக்கதோஷம், வாய் தானாக "நாலு" என்றது. தவராசா சிரித்தார்.

செண்பகத்துக்கு வயிறு எரிந்தது. ஊட்டி, குளிப்பாட்டி, கெஞ்சியும் அவளிடம் வராத பேச்சு, குடியைக் கெடுத்தவனிடம் போய் வந்திருக்கிறது. வைத்தியம் பார்க்கிற டாக்டரோ, நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்த ஆள் தினமும் வரட்டும்மா, விட்டுடாதீங்க" என்றார்.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. பிறகு தானே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். பிரேம்நாத் தோல் துண்டுகளை எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் வந்தான். தவராசாவுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவனை வாய் நிறைய "அண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவனை அரித்தது.

ஒருநாள் வாசலிலேயே நின்று அழுதுவிட்டான். "என்னால முடியல செண்பகம். நான்தான் போட்டுக் குடுத்தேன்னு அவன்கிட்ட சொல்லிட்றேன். கால்ல விழுந்துட்றேன். அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"சொன்னா உங்களுக்குப் பாரம் எறங்கிடும். அவருக்கு மறுபடி சோத்துல வெஷம் தெரியும்" என்றாள் செண்பகம், குரலை உயர்த்தாமல். "வாயத் தொறக்கக் கூடாது. நாளைக்கும் வரணும். அண்ணேன்னு கூப்புடுவாரு. கேட்டுக்குனு உக்காரணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"அவர அடைச்சு வச்சப்போ நானும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இதத்தான் கேட்டேன். ஒருத்தரும் சொல்லல."

உள்ளேயிருந்து தவராசா, "அண்ணே, வாங்கோ" என்று கூப்பிட்டார். பிரேம்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.